அஜ்மானில் பெய்த நெடுங்கரை மழை

நெடுங்கரை தொகுதியில் பெய்யும் மழை ஏழு வருடம் அஜ்மானில் வசந்தகுமாரியின் வீட்டுக்குள்ளும் பெய்தது. நான்காவது மாடி, இரண்டு படுக்கையறை. மேல்வீட்டில் சொட்டு இல்லை, கீழ்வீட்டில் கசிவு இல்லை. வெளியே வெயில் காயும், உள்ளே ஐப்பசி மழை ஏசிக்குப் பக்கத்துக் கூரையிலிருந்து இறங்கும். மழையை அவள் வாளி வைத்துச் சமாளித்தாள். நெடுங்கரை பெரிய கண்மாயின் தெற்கு மடையில் ஷட்டர் உடைந்த பிறகுதான் சமாளிக்க முடியவில்லை. ஊரில் கிழக்குத் தெருவுக்குள் எவ்வளவு தண்ணீர் நின்றதோ அவ்வளவு இங்கேயும் நின்றது. கெண்டைக்குஞ்சுகள் வாஷிங் மெஷினுக்கு அடியில் ஒதுங்கின. கொஞ்சம் பெரிதானவற்றை அவள் பொரித்தாள், ருசியாகத்தான் இருந்தன. மகள் ஷ்ருதிக்கு மூச்சிரைப்பு வந்து மாதத்தில் பாதி நாள் பள்ளிக்கு லீவு போட வேண்டியிருந்தது. வீட்டில் ஈரம் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். வாட்ச்மேன் சாகிர் காலையில் லிஃப்ட் அருகே பார்க்கும்போதெல்லாம், "பாபி, இன்னைக்கு எவ்வளவு?" என்பார். கணுக்கால் என்பாள், அல்லது முழங்கால் என்பாள். அவர் அதற்கேற்ற துடைப்பத்தைக் கொடுத்துவிடுவார். வீட்டுச் சொந்தக்காரரான அரபி ஒருநாள் வந்து, கூடத்தில் கையை நீட்டி நனைத்துப் பார்த்து, அடுத்த வைகாசியில் காண்ட்ராக்ட் முடிவதற்குள் இது நிற்காவிட்டால் கலாஸ், வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கணவன் முரளிதரன் துபாயில் சைட் என்ஜினியர். நெரிசலுக்கு முன்னால் ரோட்டைப் பிடிக்க ஐந்து மணிக்கே கிளம்பி, இருட்டிய பிறகு திரும்புகிறவன். கட்சியின் வெளிநாட்டு அணிக்கு அஜ்மான் கிளைச் செயலாளர். நெடுங்கரை எம்எல்ஏ ராக்கப்பனும் அதே கட்சி, இரண்டாவது முறையாக ஜெயித்தவர். முரளிதரன் மடையைப் பற்றி வருடத்துக்கொரு கடிதம் எழுதினான். ஒருமுறை ராக்கப்பன் துபாய் வந்தபோது வீட்டுக்கே அழைத்து வந்தான். எம்எல்ஏ சோபாவில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்து, முரளிதரன் பிடித்த குடைக்குள் டீ குடித்து, அடுத்த கூட்டத்தொடரில் பேசுகிறேன் என்றார். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தொடரும் அதற்கடுத்த மூன்றும் முடிந்தன.

தேர்தலுக்கு விருப்ப மனு கொடுக்கலாம் என்று கட்சி அறிவித்தது. ராக்கப்பன் பெயருக்கே சீட் கேட்டு அவருடைய ஆட்கள் முப்பத்தொரு மனு கொடுத்தார்கள். வசந்தகுமாரி தன் பெயருக்கு ஒரு மனுவை நிரப்பினாள். அவள் பெயர் நெடுங்கரை வாக்காளர் பட்டியலில் இன்னும் இருந்தது. நம்ம எம்எல்ஏவை நாமளே எதிர்த்தால் கட்சிக்காரன் காறித் துப்புவான் என்றான் முரளிதரன்.

"துப்பட்டும். வீடு ஏற்கெனவே ஈரந்தான்" என்றாள்.

சென்னையில் கட்சி அலுவலகத்தில், ஒரே தொகுதிக்குக் கேட்டவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்து ஒன்றாக உள்ளே கூப்பிடுவது வழக்கம். பதவியில் இருப்பவரும் அதே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். வசந்தகுமாரிக்குப் பக்கத்தில் ராக்கப்பன். அஜ்மானிலிருந்து அவளோடே வந்த தண்ணீர் செருப்பிலிருந்து கசிந்து தரையில் ஓடியதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பஹ்ரைன்ல, ஈசா டவுன்ல இருந்தப்ப கரண்ட்டும்மா" என்றார் மெதுவாக. "நெடுங்கரையில கட் ஆச்சுன்னா அங்க என் ரூம் மட்டும் இருட்டாயிரும். பக்கத்து ரூம்ல ஏசி ஓடும். அந்த வேகத்துலதான் அப்ப இருந்த எம்எல்ஏவுக்கு எதிரா இதே பெஞ்சுல வந்து உட்கார்ந்தேன்."

"அப்புறம்?"

"சப்ஸ்டேஷன் கொண்டுவந்தேன். அதோட எனக்கு எதுவும் வர்றது நின்னுபோச்சு." அவர் நகர்ந்து, அவள் காலை நீட்ட இடம் விட்டார்.

உள்ளே எல்லாரிடமும் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார்கள். உங்களுக்குச் சீட் இல்லையென்றால் யாருக்கு வேலை செய்வீர்கள்? தலைமை யாரைச் சொன்னாலும் என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். ராக்கப்பனும் அதைத்தான் சொன்னார். வசந்தகுமாரி, "மடையை அடைக்கிறவங்களுக்கு" என்றாள். அந்நேரம் நெடுங்கரையில் கோடைமழை பிடித்திருக்க வேண்டும், அவள் தலைக்கு மேல் தூறியது. தலைமைக் கழகத்தார் மேசையிலிருந்த காகிதங்களை ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். சீட் அவளுக்குக் கிடைத்தது. கட்சிக்காரர்களில் பாதிப்பேர் துப்பினார்கள், மீதிப்பேர் வேலை செய்தார்கள். நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தாள். மூன்றாம் மாதம் தெற்கு மடையில் இரும்பு ஷட்டர் இறங்கியது, அன்று மாலையே அஜ்மான் வீட்டுத் தரை காய்ந்தது. மழையும் அதோடு நின்றது. அதுவரை தவணை தந்திருந்த அரபி காண்ட்ராக்டைப் புதுப்பித்தார். ஷ்ருதிக்கு மூச்சிரைப்பு போயிற்று. பள்ளிக்கூடம் அங்கே என்பதால் அவள் அப்பாவோடு இருந்துவிட்டாள். வீடியோ காலில் காய்ந்த தரையைக் காட்டுவாள். அந்தத் தரையில் வசந்தகுமாரி ஐந்து வருடத்தில் மொத்தம் ஒன்பது நாள்தான் படுத்தாள். தொகுதியில் எங்கே தூங்கினாலும் நடுவில் விழித்துத் தரையைத் தொட்டுப் பார்ப்பாள். காய்ந்தே இருக்கும். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

இதற்கிடையில் நெடுங்கரைக்கு வடக்கே ஒரு கல்குவாரி வந்தது. துபாய் கராமாவில் மெஸ் நடத்திய நெடுங்கரைக்காரி ஜுலைஹா பீவியின் சமையலறையில் மட்டும் கல்தூசி படியத் தொடங்கியது. தினமும் குவாரியில் வெடி வைக்கும் நேரத்தில், ஊர்க்கணக்கில் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும், அவள் மெஸ் சுவர் மட்டும் அதிர்ந்து, அடுக்கிய தட்டுகள் விழுந்தன. அவள் எம்எல்ஏவுக்கு நாலு கடிதம் எழுதினாள். அடுத்த கூட்டத்தொடரில் பேசப்படும் என்று வசந்தகுமாரியின் உதவியாளர் பதில் போட்டார். வசந்தகுமாரி ஒருமுறை மகளைப் பார்க்க வந்தபோது அந்த மெஸ்ஸுக்குப் போய், தட்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத் தோசை சாப்பிட்டாள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த தேர்தலுக்கு வசந்தகுமாரி பெயரில் நாற்பத்திரண்டு மனு வந்தது. நேர்காணல் அன்று பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் முக்காடு வெள்ளை பூத்த ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தூசி எழும்பியது.

"மெஸ்ஸை யார் பார்த்துக்கிறாங்க?" என்று கேட்டாள் வசந்தகுமாரி.

"பூட்டிட்டு வந்திருக்கேன்க்கா. தூசித் தோசையை யாரு திங்கிறா, உங்களைத் தவிர?"

வசந்தகுமாரி சிரித்தாள். தனக்கு அஜ்மானில் எப்படிப் பெய்தது என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஜுலைஹா பீவியும் பார்த்தாள். பதினோரு மணிக்குப் பெஞ்சில் ஜுலைஹா பீவி உட்கார்ந்திருந்த பாதி மட்டும் ஆடியது. வசந்தகுமாரியின் பாதி ஆடவில்லை. அவள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டாள்.