தலைகீழாகப் பிடித்துச் சேவல் பார்த்த வீடு

எனக்குக் கோழியைத் தெரியும். பெருமையடிக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். எங்கள் ஊர் நமங்கானில் என் அப்பா குலாங்கி வளர்த்தார். நெட்டைக்கால் சண்டைக்கோழி அது. மூன்றரை மாதக் கோழியைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே போதும், சேவலா பெட்டையா என்று சொல்லிவிடுவேன்.

நான் கல்யாணமாகி வந்தபோது அப்பா ஆறு முட்டை கொடுத்துவிட்டார். அடை வைத்ததில் பொரிந்தது ஒன்றே ஒன்று. இரண்டாம் மாதம் அப்பா போய்ச் சேர்ந்தார். அண்ணன் ஒரே வாரத்தில் கோழிகளை எல்லாம் விற்றுத் தீர்த்தான், புண்ணியவான். அப்பாவின் கோழி வம்சத்தில் மிச்சம் என்னிடமிருந்த அந்தச் செவலைக்கோழிதான்.

வெள்ளிக்கிழமை மாமனாரின் தங்கை தாஷ்கெண்டிலிருந்து வருவதாக இருந்தது. விருந்தாளிக்குச் சேவல் அடித்து ஷோர்பா சூப் வைத்தாக வேண்டும். புதன்கிழமை காலையில் மாமியார் முற்றத்துக்கு வந்து, இளங்கோழிகளை ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்தார். தலையை நிமிர்த்தினால் சேவல், தொங்கவிட்டால் பெட்டை. இருபது வருடமாக அந்த வீட்டுச் சட்டம் அது. என் செவலை தலையை நிமிர்த்தியதோடு நிற்காமல் அவர் சட்டைக் கையையும் ஒரு கொத்துக் கொத்தியது. இதுதான் என்று அதைக் கூடைக்குள் போட்டுக் கவிழ்த்தார்.

எங்கள் பக்கம் புது மருமகள் குனிந்து சலாம் சொல்வாள், முற்றம் பெருக்குவாள், தேநீர் ஊற்றுவாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். என் ஓரகத்தி சோஹிபா ஒன்பது வருடமாக அப்படித்தான் இருக்கிறாள். அதற்கெல்லாம் நான் ஆளில்லை.

"அத்தை, அது பெட்டை. சண்டைக்கோழி ரத்தம், தலைகீழாப் புடிச்சா சும்மாவா தொங்கும்? சேவல்தான் வேணும்னா அந்தப் புள்ளிக்கோழியப் புடிங்க."

அந்தப் புள்ளிக்கோழி பரம சாது. கொண்டையும் சின்னது. முட்டைக்கென்று மாமியாரே ஒதுக்கி வைத்திருந்தார். ஆனால் வாலுக்கு முன்னால் இரண்டே இரண்டு இறகு, ஊசி மாதிரி கூராக முளைத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். பெட்டைக்கு அந்த இடத்தில் இறகு நுனி விரல் நகம் போல வட்டமாக இருக்கும்.

"என் முற்றத்துல நின்னுக்கிட்டு என் கோழிய எனக்கே அறிமுகப்படுத்துறியா?" என்றார் மாமியார்.

கடைசியில் அவரே பந்தயம் வைத்தார். வெள்ளிக்கிழமை புள்ளியை அறுப்பது. அது பெட்டையாக இருந்தால் கூடைக்குள் இருப்பதும் அன்றைக்கே சட்டிக்குப் போகும், அதன்பின் நான் கோழிக்கூட்டுப் பக்கமே தலைகாட்டக் கூடாது. சம்மதம் என்றேன். மத்தியானம் என் கணவர் இல்ஹோம், உனக்கு ஏன் இந்த வம்பு என்று முணுமுணுத்தார். பேசாமல் லக்மான் நூடுல்ஸைச் சாப்பிடுங்கள் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மாமனார் அறுத்துக் கொடுத்தார். கோழியைச் சுத்தம் செய்வது எப்போதும் சோஹிபாவின் வேலை. அந்த வாடை மாமியாருக்கு ஆகாது, எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அன்றைக்கு மட்டும் குழாயடியில் முக்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் கூடைப் பக்கம் இரண்டு தடவை போய் வந்தேன், பொய் சொல்வானேன்.

சோஹிபா ஈரலை எடுத்தாள், குடலை எடுத்தாள். பிறகு முதுகெலும்போரம் விரலை விட்டு விலக்கிக் காட்டினாள். மொச்சைக்கொட்டை அளவில் வெள்ளையாக இரண்டு விதைகள். சேவல்தான்.

ஓடிப்போய்க் கூடையை நிமிர்த்தினேன். அப்பாவின் கோழி சிறகை உதறிக்கொண்டு வெளியே வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமியார் என் பக்கம் திரும்பவில்லை. பெட்டையாக இருந்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று சோஹிபாவைக் கேட்டார். முட்டைக் கரு சின்னச் சின்ன மணிகளாக, திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் என்றாள் அவள்.

"நீ பாத்திருக்கியா?"

"போன வருஷம் ரெண்டு, அத்தை. அதுக்கு முந்தின வருஷம் நாலு. சேவல்னு நீங்க புடிச்சுக் குடுத்ததுல பாதி பெட்டைதான்."

மாமியாரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கோழிகள் முட்டை வைக்காததற்குப் பக்கத்து வீட்டுக்காரியின் கண்தான் காரணம் என்று மாதாமாதம் கூட்டுக்குப் புகை போட்டவர் அவர். புகைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டைச் சுற்றி வந்தவள் இதே சோஹிபா.

"ஏன்டி சொல்லல?"

"நீங்க கேக்கல, அத்தை. மருமக தானா வாயத் திறக்கக் கூடாதுன்னு வந்த அன்னிக்கே சொன்னீங்க."

கோபமோ குத்தலோ இல்லாமல், மணி கேட்டவருக்கு மணி சொல்வது போலச் சொன்னாள். இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மாமியார் எழுந்து கூட்டுக்குப் போனார். ஒரு சாம்பல் கோழியைத் தலைகீழாக அல்ல, குழந்தையைத் தூக்குவது போல அணைத்துக்கொண்டு வந்தார். நான் கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய் சோஹிபாவின் மடியில் வைத்தார்.

"இது என்னன்னு சொல்லும்மா."

சோஹிபா கையைத் துடைத்துக்கொண்டு முதுகு இறகை நீவிப் பார்த்தாள். சேவல் என்றாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, கூட்டுப் பக்கம் கையை நீட்டினாள்.

"அந்தக் கறுப்புக்கோழி, அது பெட்டை. அதைத் தொடாதீங்க."