மணியை விட்ட பிறகு

கண்ணுங்களா, நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. அதே மாதிரி கொழுப்பில் செய்த குட்டிப் பை ஒன்று அன்று நுண்ணோக்கிக்கு அடியில் கிடந்தது. கண்ணாடி ஊசி ஒன்று அதை உறிஞ்சிப் பிடித்திருந்தது. எதிர்ப்பக்கம் லேசர் ஒளி ஒரு துளியூண்டு மணியைப் பிடித்து இழுக்க, பையின் சவ்வு நூலாக, உள்ளே வெறுமையான குழாயாக நீண்டு நின்றது.

நுண்ணோக்கியில் உட்கார்ந்திருந்தவள் நாத்தனார். காலிக் குப்பியோடு பின்னால் நின்றவள் அவளுடைய அண்ணி. மூன்று வாரம் குளிரறையில் விரல் விறைக்க அண்ணி பிரித்தெடுத்த, பச்சையாக ஒளிரும் புரதத்தின் கடைசிச் சொட்டும் பையைச் சுற்றியிருந்த நீருக்குள் போய்விட்டது. நாளைக் காலையில் இந்த நுண்ணோக்கி வேறு குழுவின் கைக்குப் போகிறது.

"ஒட்டுது அண்ணி! பைமேல ஒண்ணுமே காணோம். குழாய் மட்டும் பச்சையா எரியுது பாருங்க."

"வளைவு இருக்கற இடத்துக்கு அது ஓடும்னு எல்லாருக்கும்தான் தெரியும். நான் சொன்னது வேற."

வளைவைத் தேடி வரும் புரதம், ஒட்டிய பிறகு அந்த வளைவைத் தானே தாங்கிப் பிடிக்கும். அண்ணி சொன்னது அதுதான். ஆய்வுக் கூட்டத்தில் அதைச் சொன்னபோது துறைத்தலைவர் சிரித்துவிட்டார். "விருந்தாளி வந்து தூணைத் தாங்குவாராம்மா?" என்று கேட்டார். எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"மணியை விடு," என்றாள் அண்ணி.

நாத்தனார் லேசரை அணைக்கும் பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "படம் எடுத்தாச்சு. இதுவே போதாதா? விட்டா பை குழாயை உள்ள இழுத்துக்கும். அப்புறம் மூணு வாரமும் அம்போ."

"விடாட்டியும் அம்போதான். பிடிச்சிருக்கறது லேசர், உன் புரதம் இல்லம்பாரு தலைவர்."

"நாசமாப் போனா எங்கண்ணன் என்னைத்தான் திட்டுவான். மூணு வாரமா அவன்தானே சமைக்கிறான்."

"அதைச் சாப்பிட்டது நான். விடும்மா."

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

லேசர் அணைந்தது. மணி பையை நோக்கி நகர்ந்தது. குழாய் பாதியானது. பிறகு அதிலும் பாதி.

"போச்சு," என்றாள் நாத்தனார்.

அண்ணி திரையை நோக்கிக் குனிந்தாள். குப்பியை இறுக்கிய விரல்கள் வெளுத்துப்போயின. ஆனால் குழாய் குறையக் குறையப் பச்சை மங்கவில்லை, அடர்ந்துகொண்டே போனது. இடம் சுருங்கச் சுருங்க, ஒட்டியிருந்தவை எல்லாம் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டன. மணியின் வேகம் தளர்ந்தது.

நின்றது.

சின்ன விரல் நகத்தளவு, திரையில், பச்சையாக மிஞ்சிய அந்தத் துண்டு அசையவே இல்லை. கடிகாரத்தின் விநாடி முள் ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்றில் பாதி தாண்டியது.

"நீ எதையாவது தொட்டுக்கிட்டு இருக்கியா?" அண்ணியின் குரல் கரகரத்தது.

நாத்தனார் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

"சத்தியமா நான் பிடிக்கல அண்ணி!"