ஊர் கழுவிய ஞாயிற்றுக்கிழமை

...படியுமா, படியாதா, இன்னும் இருபத்தாறு நிமிஷம் கிடக்கிறது, இப்படி முறைத்துப் பார்த்தால் வண்டல் பயந்துபோய்ச் சீக்கிரம் இறங்கிவிடப் போகிறதா என்ன... கழிவுநீர் நிலையத்து ஆபரேட்டர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார், மனசு கேட்காமல் மறுபடி முன்னுக்கு இழுத்துக்கொண்டார். மேஜையில் ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி, அதில் தொட்டியிலிருந்து மொண்ட பழுப்புக் கலங்கல். அரை மணியில் வண்டல் பாதிக்குக் கீழே இறங்கி மேலே தண்ணீர் தெளிந்தால் தொட்டியில் கிருமிகள் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம், இல்லையென்றால் இன்றோடு நிலையத்துக்குப் பூட்டு. மேலதிகாரியம்மா கொடுத்த பத்து நாள் கெடு இன்றைக்கு முடிகிறது. ஊர்க் கழிவு லாரியேறி நகரத்துக்குப் போகும், அதன் பின்னாலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு இவரும் போகவேண்டியதுதான்.

நல்ல கிருமிகள், பாவம், மூவாயிரம் பேர் கழித்ததைத் தின்று தண்ணீராக்கித் தந்தவை, ஒரு நாள் லீவு கேட்டதுண்டா, உப்பில்லை என்று முகம் சுளித்ததுண்டா... அவற்றைக் கொன்றது யார், இவரேதான். மேலதிகாரிகள் நிலையத்தைச் சோதிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் மைக்கைப் பிடித்து, இது நம்ம ஊரு மானம், கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க என்று தெருத்தெருவாகக் கேட்டார், சாக்கடையில் குப்பை போடமாட்டார்கள் என்ற நப்பாசையில். ஊர் என்ன செய்தது? மானம் என்றதும் வரிந்துகட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வீடு கக்கூஸைக் கழுவியது. பிளீச்சிங் பவுடர், ஆசிட், பினாயில், கடையில் ஒரு டப்பா மிச்சமில்லை, அன்றைக்கு ஒரு யானை இந்தப் பக்கம் வந்திருந்தால் வெள்ளை யானையாகத்தான் திரும்பியிருக்கும். அத்தனையும் ஒரே நாளில் தொட்டிக்குள்! திங்கட்கிழமை ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை, கிருமிகள் பூண்டோடு காலி. இதில் மாமியார் வேறு பெருமையாக வந்து நின்றார், "நீங்க சொன்னீங்கன்னு நான் நாலு பாட்டில் ஊத்துனேன் மாப்பிள்ளை, எதிர்வீட்டுக்காரி ரெண்டுதான்." கொலைகாரி என்று மாமியாரிடம் சொல்ல முடியுமா?

அப்புறம் நகரத்து நிலையத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு லாரி உயிருள்ள வண்டல் வாங்கிவந்து ஊற்றி, காற்றை ஊதி ஊதி... வாக்கப்பட்ட ஊர் ஒத்துக்கொள்ளுமோ, நகரத்துச் சாப்பாட்டில் வளர்ந்ததுகள்... இன்னும் நாலு நிமிஷம். மேலே தெரிவது தெளிவா, கண்ணாடியின் மினுக்கா, கிழட்டுக் கண்ணை நம்ப முடிகிறதா... போன் அடித்தது. மாமியார்.

"மாப்பிள்ளை, கிருமி செத்த கதை தெரிஞ்சதுலேருந்து தெருவே வெறுந்தண்ணியிலதான் கழுவுது. அதுங்க பொழைச்சுக்கிச்சா? எல்லாரும் கேக்குறாங்க."

அவர் ஜாடியைப் பார்த்தார். வண்டல் கோடு பாதியைத் தாண்டி, அவசரமில்லாமல், இறங்கிக்கொண்டிருந்தது.

"பொழைச்சுக்கிச்சு அத்தை," என்றார். எண்ணெயை ஊற்றாதே, துணியைப் போடாதே என்று பதினோரு வருஷமாகத் தொண்டை கிழியத் திட்டியிருக்கிறார், செவிட்டு ஊர் என்று சபித்திருக்கிறார், ஆனால் கேட்டுக்கொண்டது ஒரே ஒரு தடவைதான், அதற்கே ஊர் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டதே... அப்படியானால் இன்னொரு தடவை கேட்கலாமோ, என்னவென்று கேட்பது, எவ்வளவு கொஞ்சமாகக் கேட்பது...