முழக்கத்துக்கு இடைஞ்சலான நைட்ரஜன்

எண்ணெயைக் கொதிக்க வைப்பது என் பிழைப்பு. மக்களைக் கொதிக்க வைப்பது என் பெருமை. இரண்டையும் ஒரே மேசையில் செய்யத் துணிந்தவன் உலகில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆலையின் ஆய்வகத்தில் வேதியியலாளன். தொழிற்சங்க மேடையில் 'முழக்கம்'. அது தோழர்கள் கொடுத்த பட்டம். கொடுக்கும்படி நானே சிலரிடம் ஜாடை காட்டியிருந்தேன்.

உலைக்கூடத்துக் குழாய்களில் சூடேந்தி ஓடுவதற்குப் புதிய எண்ணெய் ஒன்று வந்திருந்தது. அதன் கொதிநிலை என்ன, கடும் சூட்டில் சிதையாமல் நிற்குமா என்று சோதித்துச் சொல்வது என் பொறுப்பு. சிதைந்தால் குழாய் அடைத்துக்கொண்டு வெடிக்கும். அந்தக் குழாய்களின் அருகில் நின்று வேலை செய்பவன் என் மனைவியின் தம்பி.

சூடான எண்ணெயைக் காற்று தொடக்கூடாது, தொட்டால் கருத்துவிடும். ஆகவே குடுவைக்குள் நைட்ரஜன் வாயுவை விட்டுக்கொண்டே இருப்போம். வெளியேறும் வழியில் அது நீருக்குள் களக்களக்கென்று குமிழியிடும். அன்று மதியம் ஆலை வாயிலில் சங்கக் கூட்டம். குடுவையருகே பேச்சை ஒத்திகை பார்க்கையில், "ஆதிக்கத்தின் அடித்தளமே, அதிர்ந்து போ!" என்று நான் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் அந்தக் குமிழி மறுமொழி சொன்னது. என் பேச்சிலா குறுக்கீடு? வால்வை மூடினேன். ஆதிக்கம் அதிர்ந்ததோ இல்லையோ, ஒத்திகை முடிந்தபோது எண்ணெய் கருத்திருந்தது. வெப்பமானி ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கியது.

ஆகா, ஆதாரம்! கருத்த எண்ணெயைச் சீசாவில் ஏந்தி வாயிலுக்கு ஓடினேன்.

"இது எண்ணெய் அன்று, தோழர்களே! உங்கள் உயிருக்கு வைக்கப்பட்ட உலை!"

உலைக்கூடம் நின்றது. முதலில் வெளியே வந்தவன் என் மைத்துனன். அவனை வேலையிலிருந்து நீக்கப்போவதாக நிர்வாகம் உடனே அறிவித்தது.

கைதட்டல் காதில் ஒலிக்க ஆய்வகம் திரும்பினேன். பொறுப்பாளர் அம்மையார் வால்வருகே நின்றிருந்தார்.

"இதை யாரு மூடினது?"

"நான்தாங்க. சத்தம் போட்டுக்கிட்டே..."

"உங்களைவிடவா?"

வாய் திறக்காவிட்டால் என் பட்டம் பிழைக்கும். மைத்துனன் பிழைப்பு போய்விடும். உண்மையை உரக்கச் சொல்லுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவன், அதை வாயில்வரை சுமந்துபோவதற்குள் வியர்த்து விறுவிறுத்துப் போனேன்.

"தோழர்களே, எண்ணெய்மேல் குற்றமில்லை. நைட்ரஜனை நான் மூடிவிட்டேன். தண்டனை எனக்குத்தான் உரியது."

கூட்டத்திலிருந்து மைத்துனன் சீறினான்: "மத்தியானம் ஒரு பேச்சு, இப்ப ஒரு பேச்சா? எந்த அதிகாரி உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தான், மாமா?"

"எவனும் குடுக்கலடா! வால்வை மூடினது நான்தான்!"

"அப்ப எங்க கண்ணு முன்னாடி கொதிக்க வைங்க."

எவர் சொன்னாலும் நம்பாதீர்கள், கேள்வி கேளுங்கள் என்று அவர்களுக்குக் கற்பித்தவன் நானே. பாவிகள், பாடத்தை நன்றாகவே படித்திருந்தார்கள்.

ஆய்வகம் நிரம்பியது. புதிய எண்ணெய், புதிய குடுவை. குமிழிகள் தடையின்றிப் பேசின, நான் பேசவில்லை. எண்ணெய் கொதித்தது, வெப்பமானி ஒரே கோட்டில் நின்றது. மணிக்கணக்கில் சூட்டில் வைத்தும் நிறம் மாறவில்லை. அம்மையார் நிர்வாகத்திடம் போய் வாதாடினார். மைத்துனனுக்காகத் தட்டச்சான நீக்க ஆணை, பெயர் மாறி, தற்காலிக நீக்கமாக என் கைக்கு வந்தது.

மைத்துனன் குடுவையைக் குனிந்து பார்த்துவிட்டுக் கையுறைகளை மாட்டிக்கொண்டான்.

"நம்புறேன், மாமா."

என் நெஞ்சு நிமிர்ந்தது.

"எண்ணெயைச் சொன்னேன்" என்றபடி உலைக்கூடத்துக்கு நடந்தான்.