மன்னிக்கிற உதடு

அறுநூறு பக்கக் கடற்கொள்ளை நாவலை டைரக்டர் படமாக்கத் துணிந்ததற்கு ஒரே காரணம், எழுதியவர் செத்து நூறு வருஷமாகிவிட்டது. உரிமை கேட்டு வாசலில் வந்து நிற்கமாட்டார். நாவலில் நாற்பது கப்பல். படத்தில் ஒன்று, அதுவும் பாதி. கேமராவுக்குத் தெரியாத பக்கத்துக்குப் பலகை எதற்கு என்று கேட்கிற மனிதர். கடல் என்பது நீலத் தார்ப்பாய். நான்கு பேர் மூலைக்கொருவராக நின்று உதறினார்கள். சிப்பாய்கள் ஆறே பேர். செத்தவன் பின்பக்கமாக ஓடி, மீசையை மாற்றிக்கொண்டு மறுபடியும் சாக வருவான். யூனிட்டில் அவருக்குச் 'சிக்கனம்' என்றுதான் பெயர்.

படப்பிடிப்பு முடிந்த பதினோராம் நாள், கதாநாயகன் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழவில்லை. டப்பிங் பாக்கி. சிக்கனம் அதிகம் யோசிக்கவில்லை. செத்தவனுக்கு ஒரு தம்பி, அச்சு அசலாக அதே குரல். படத்தில் வில்லனாக வந்து அண்ணனோடு வாள் வீசியவனும் அவன்தான்.

அண்ணனும் தம்பியும் பேசி மூன்று வருஷம். முன்பு ஒரு பெரிய கம்பெனி தம்பியைக் கூப்பிட்டு, "உங்க அண்ணன் வாள் சுத்துவாரா?" என்று விசாரித்தது. "நான் டூப் போட்டாத்தான் உண்டு" என்று இவன் வாய் நீண்டுவிட்டது. பொய்யில்லை. ஆனால் அண்ணனுக்கு வரவிருந்த வாய்ப்பு போயிற்று, கூடவே அவன் பேச்சும் போயிற்று. இந்தப் படத்திலும் கட்டிப் புரண்டு சண்டை போட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்தார்கள்.

டப்பிங்குக்குத் தம்பி ஒப்புக்கொண்டதே ஒரு ஷாட்டுக்காகத்தான். கடைசிக் காட்சி. வில்லன் கீழே கிடக்கிறான்; அண்ணன் குனிந்து, முகத்துக்கு நேராக ஏதோ சொல்கிறான். புயலுக்காக வைத்த ராட்சத மின்விசிறியின் இரைச்சலில் அன்று இவன் காதில் ஒன்றும் விழவில்லை. ஒலியைப் பதிவு செய்கிற செலவையும் சிக்கனம் மிச்சம் பிடித்திருந்தார்.

தாளில் இருந்தது, 'உன்னை மன்னித்தேன். போ.' திரையில் உதடு அதைவிட நீளமாக அசைந்தது.

"வேற என்னமோ சொல்றான்க்கா," என்றான் தம்பி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு பார்த்துக்கொண்டிருந்த சவுண்டக்கா மறுபடி ஓட்டினாள்.

"அங்க நிறுத்துங்க. உதடு ஒட்டுது பாருங்க. 'தம்பி'ன்னு கூப்பிடுறான்."

அவள் மெதுவாக ஓட்டினாள். இன்னொரு தரம். பிறகு காதுக்கருவியைக் கழற்றினாள்.

"ஒட்டினதுக்கப்புறம் பாருப்பா. 'பி'ன்னா உதடு விரியணும். இங்க குவியுது."

"அப்ப என்னக்கா சொல்றான்?"

"மூணு."

"என்ன மூணு?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு... எண்ணுறாருப்பா. வசனம் மறந்துபோச்சுன்னா எண்ணி விட்டுருவாங்க, டப்பிங்ல பாத்துக்கலாம்னு. பாதிப் பேரு இப்படித்தான்."

அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் ஏழு வரைக்கும் எண்ணியிருந்தான்.

"கண்ணு கலங்கியிருக்கேக்கா..."

அவள் காதுக்கருவியை மறுபடி மாட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னாலிருந்து சிக்கனம் சொன்னார்: "கிளிசரின்ப்பா அது. உங்கண்ணனுக்கு லேசுல தண்ணி வராது, அரை பாட்டில் காலி. சரி சரி, ஏதாவது சேத்து இழுத்துப் பேசு. உதட்டுல உக்காந்தாப் போதும்."

சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணன் குரலில், கீழே கிடக்கிற தன்னைப் பார்த்து, அவன் மன்னித்தான்.

"குரல் நடுங்குதே! மன்னிக்கிறவன் அழலாமா? கீழ கிடக்கறவன்ல அழணும்! இன்னொண்ணு போலாம்," என்றார் சிக்கனம்.

நான்காவது டேக்கில் குரல் நடுங்கவில்லை. சவுண்டக்கா கட்டைவிரலை உயர்த்தினாள். அடுத்த ஷாட் வந்தது. கீழே கிடப்பவனின் முகம் மட்டும், திரை முழுக்க.

தம்பி தாளைப் புரட்டினான். அவனுக்கு வசனம் இல்லை.