பல் டாக்டர் போட்ட ஓட்டை

பல் டாக்டர் ஓய்வு பெற்ற அன்று ஊரிலுள்ள பற்களெல்லாம் ஒன்றாகப் பெருமூச்சு விட்டதில் தெருவில் காற்றே அடித்ததாம். தனிக்கட்டை. கை நமநமவென்றது. தங்கை ஒரு பொம்மை நீராவி இன்ஜினைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணே, இதைக் குடைஞ்சுகிட்டு இரு. எங்க பல்லை விட்டுடு."

உள்ளங்கை நீளப் பாய்லர். அடியில் குட்டி விளக்கை ஏற்றினால், மலையையே இழுக்கப் போவதுபோல் சக்கரம் சுற்றும். ஆனால் பாய்லரின் பக்கவாட்டில், பாதி உயரத்தில், எதற்கென்றே தெரியாத ஒரு திருகு. அதைக் கேட்கத்தான் மாடிவீட்டம்மாளை முதன்முதலில் கூப்பிட்டார். ஆலைப் பாய்லர்களைச் சோதித்து ஓய்வு பெற்றவர். அவர் முறைத்தால் நீராவி பயந்து தண்ணீராகிவிடும் என்று பேச்சு.

"தண்ணி ஊத்தும்போது இதைத் திறந்து வைக்கணும் டாக்டர். இது வழியா வழிஞ்சா போதும்னு அர்த்தம். மேல ஆவிக்கு இடம் வேணும்ல?"

அடுத்தது, சக்கர விளிம்பில் ஓடிய பள்ளம். நூலை மாட்டி இன்னொரு பொம்மையைச் சுற்றவைக்கவாம். பிறகு, பாய்லரோடு ஒட்டு உறவே இல்லாமல் நின்ற புகைபோக்கி.

"அது சும்மா அழகுக்கு. உங்க மீசை மாதிரி."

டாக்டர் மீசையைத் தடவிய தடவலில் அது பாதியாய்த் தேய்ந்தது. அந்தம்மாளோ காப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார்.

"அவ்வளவுதான் டாக்டர், கேக்க ஒண்ணும் பாக்கியில்ல. இனி எனக்கு இங்க என்ன வேலை?"

வீடு பொக்கை வாயாகிப் போனது. டாக்டர் இன்ஜினைத் தலைகீழாகப் புரட்டினார். புதிர் என்று சொல்ல ஒரு பொட்டுகூட அகப்படவில்லை. பொறுத்துப் பார்த்தார். கடைசியில் பெட்டியைத் திறந்து தம் பழைய துளைக்கருவியை எடுத்தார்.

"மேடம், இந்த ஓட்டை எதுக்குன்னு புரியவே மாட்டேங்குது!"

மாடிவீட்டம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சிவப்புப் பெயிண்ட் அடித்த அடித்தட்டில், ஓட்டையின் உள்விளிம்பு மட்டும் புதுக்காசாய் மின்னியது. ஊதினார். இரும்புத்தூள் பறந்தது.

"எதுக்குன்னு எனக்குத் தெரியும்."

டாக்டர் துளைக்கருவியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"என்னை வரவழைக்க. அடுத்து பாய்லரைத் துளைச்சுத் தொலைக்காதீங்க. அடைக்க உங்க பல் சிமெண்ட் தாங்காது. சும்மா கூப்பிடத் தெரியாதா?"

"சும்மான்னா... என்ன சொல்லிக் கூப்பிடறது?"

"ஒண்ணும் சொல்லாம. நான் மேல போறேன். கூப்பிடுங்க பாக்கலாம்."

போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டாக்டர் படியடியில் நின்றார். ஊரையே 'ஆ' காட்டச் சொன்னவருக்குத் தம் வாய் திறக்கவில்லை. தொண்டையைக் கனைத்தார். கைப்பிடியைப் பிடித்தார், விட்டார்.

மேலே கதவு திறந்தது.

"கூப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல, மேடம்."

"பரவாயில்ல, கேட்டுடுச்சு," என்று இறங்கி வந்தார்.