தரிசு என்று எழுதிய மேடு

சுரங்கத்துக்கான சுற்றுச்சூழல் அறிக்கையின் நாற்பதாம் பக்கத்தைப் படித்ததும் ருஜுதாவுக்குக் காது மடல் சுட்டது.

'சடா மேடு: வெறும் செம்பாறை. தரிசு. தாவரங்கள் இல்லை. கள ஆய்வு: ருஜுதா பராட்கர், எம்.எஸ்சி. தாவரவியல்.'

ஏப்ரல் வெயிலில் அந்தப் பாறையை அவள் நடந்து பார்த்தது நிஜம். 'மழைக்கு முன் இங்கே எதுவும் தெரியாது, ஆகஸ்டில் மறுபடி பார்க்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்ததும் நிஜம். அந்த வரியை மட்டும் யாரோ நகத்தால் கிள்ளி எறிந்திருந்தார்கள்.

"கையெழுத்தைப் போடும்மா." ஆய்வு நிறுவன முதலாளி தாம்லே பேனாவை நீட்டினார். "திங்கட்கிழமை உனக்கு வனத்துறை இன்டர்வியூ. அனுபவச் சான்றிதழ் என் பையிலதான் இருக்கு."

"நான் எழுதின வரியைக் காணோமே சார்."

"உன் ஒரு வரிக்காகச் சுரங்கக் கம்பெனி காத்துக் கிடக்குமா?"

அவள் கையெழுத்துப் போடுவதற்குள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சுரங்கம் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம் தொடங்கிவிட்டது. சதுர்த்திக்குக் கணபதி வீட்டுக்கு வந்த மறுநாளாகப் பார்த்து வைத்திருந்தார்கள். கொங்கணத்தில் அன்றைக்கு எவன் வீட்டை விட்டு வருவான்? நூறு நாற்காலிக்குப் பதினோரு பேர். அதில் ஊருக்கே சித்தி முறையான சுலபா காகு ஒருத்தி. ஏப்ரலில் ருஜுதாவுக்குத் தங்க இடமும் சோறும் கொடுத்தவள்.

அதிகாரி சாவந்த் 'தரிசு' என்று வாசித்ததும் காகு எழுந்தாள்.

"தரிசா? அப்போ எங்க கணபதி தலைக்கு மேல தொங்குறதெல்லாம் பம்பாயிலேருந்து பார்சல்ல வந்துதா சாயேப்?"

எல்லோரும் சிரித்தார்கள், தாம்லேயும்தான். ருஜுதா சிரிக்கவில்லை. மாட்டோளி! மரச்சட்டம் கட்டி, அந்த மழைக்கு வந்த காட்டுப் பூவும் காயும் கணபதிக்கு மேலே தொங்கவிடாத வீடு இந்த ஊரில் கிடையாது.

"சாயேப்." அவள் எழுந்து நின்றாள். "காகு வீட்டுக் கணபதியைப் பாத்துட்டு வந்து மீதியை வாசிங்க. அஞ்சு நிமிஷம்."

தாம்லேயின் முகம் செத்தது. கணபதி பார்க்கக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லும் கொங்கணத்தான் இன்னும் பிறக்கவில்லை. சாவந்தும் இந்த மண்ணுக்காரர். தாம்லேயும் பின்னாலேயே வந்தார்.

காகு வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்ற சாவந்தின் தலைக்கு மேலே ருஜுதா விரலை நீட்டினாள்.

"இந்த மஞ்சள் ஹரண் பூ சடா பாறையில. செங்காந்தள் அதோட ஓரத்துல. இது..." முப்பத்தொன்று வரை எண்ணிக்கொண்டே போனாள். "எங்கே பறிச்சீங்க காகு?"

"முந்தாநாள் மேட்டுலதான். வழுக்கி விழுந்து முழங்கால் பேந்துபோச்சு. காட்டட்டுமா?"

"வேணாம் காகு." சாவந்த் கையிலிருந்த மோதகத்தை மென்று முடித்தார். "தாம்லே, மழையில போய்ப் பாத்தீங்களா?"

"ஒரு பருவம் பாத்தாப் போதும்னு சார்..."

"பாத்தீங்களா இல்லையா?"

தாம்லே அறிக்கையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டார். ருஜுதா அதையும் அவர் பேனாவையும் பிடுங்கித் தன் பெயருக்குக் கீழே எழுதினாள்: 'இது என் ஆய்வு அல்ல. என் வரியை நீக்கியிருக்கிறார்கள்.' கையெழுத்து. தேதி.

சாவந்த் அதை வாங்கிப் படித்துவிட்டு, மழைக்கால ஆய்வு முடியும்வரை கூட்டம் ஒத்திவைப்பு என்று குறித்தார்.

"சான்றிதழை மறந்துடு," தாம்லே பல்லைக் கடித்தார்.

"நீங்களே வெச்சுக்கோங்க சார். நாற்பதாம் பக்கத்தை எழுதின கைதானே அதையும் எழுதியிருக்கும்."

அவள் காகுவின் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு மேட்டுக்கு வர்றீங்களா? இன்டர்வியூவுக்குச் சான்றிதழுக்குப் பதிலா மேட்டுச் செடிகளோட முழுப் பட்டியலைக் கொண்டு போகணும்."